கேட்டுக்கொண்டு நின்ற கல்: பழைய இஸ்ரவேலின் உடன்படிக்கைச் சின்னங்கள்

தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலை மட்டும் படிப்பவர் கண்ணில் ஒரு விஷயம் படாமலே போய்விடும். பெத்தேலில் தலைக்கு வைத்துப் படுத்த கல்லை யாக்கோபு விடியற்காலையில் நிமிர்த்தி வைத்து எண்ணெய் வார்க்கிறான். அங்கே அதன் பெயர் ‘தூண்’. உபாகமம் 16:22இல் கர்த்தர் வெறுப்பதாகச் சொல்லப்படும் பொருளின் பெயர் ‘சிலை’. எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல், மட்சேபா. ‘நிற்பது’ என்ற வேரிலிருந்து வந்தது. முகமோ கையோ காலோ செதுக்காமல், தரையில் செங்குத்தாக நட்ட கல். பழந்தமிழில் சிலை என்பதற்குக் கல் என்ற பொருளும் உண்டு. அதனால் மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று சிலை என்றதும் நமக்குத் தோன்றுவது உருவம். அதனால் முற்பிதாக்கள் நட்டது ஒன்று, நியாயப்பிரமாணம் தடுத்தது வேறொன்று என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றுதான். ஒரு காலத்தில் உடன்படிக்கைக்குச் சாட்சியாக நின்ற கல்லை இன்னொரு காலத்தில் உடைத்துப் போடச் சொன்னார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால், அந்தக் கல் என்ன வேலை பார்த்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லா மட்சேபாவும் உடன்படிக்கைக் கல் அல்ல. ராகேலின் கல்லறைமேல் நின்றதும் மட்சேபாதான். பிள்ளையில்லாத அப்சலோம் தன் பெயர் நிலைக்கத் தானே நட்டுக்கொண்டதும் அப்படியொரு கல்தான். கார்ல் கிரேசர் 1972இல் எழுதிய கட்டுரையில் இவற்றை நான்காகப் பிரித்தார்: இறந்தவருக்கானது, சட்டச் சாட்சியானது, ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பது, வழிபாட்டுக்குரியது. ஒரே கல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடவும் கூடும், பின்னால் வரும் சிக்கலே அதுதான். இங்கே நாம் பார்ப்பது இரண்டாவது வகையை. இதை ‘நினைவுச்சின்னம்’ என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். நினைவுச்சின்னம் நடந்து முடிந்ததைச் சொல்வது. உடன்படிக்கைக் கல்லுக்கு வேலை இனிமேல்தான்; நாளைக்கு யாராவது வாக்கு மீறினால் அது எதிரே நிற்க வேண்டும்.

மாமனும் மருமகனும்

இந்தச் சடங்கு முழுவதையும் படிப்படியாகக் காட்டும் இடம் ஆதியாகமம் 31. லாபானிடம் 20 வருஷம் உழைத்த யாக்கோபு, மனைவிகள், பிள்ளைகள், மந்தை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறான். மாமன் 7 நாள் துரத்தி வந்து கீலேயாத் மலையில் பிடிக்கிறான். வாய்ச்சண்டை முடிந்தபோது நிலைமை இது: ஒருவரை ஒருவர் நம்பவும் முடியாது, வெட்டிக்கொண்டு சாகவும் மனமில்லை. உடன்படிக்கை என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் பிறக்கிறது.

யோசனையைச் சொல்வது லாபான். உடனே யாக்கோபு ஒரு கல்லை எடுத்துத் தூணாக நிறுத்துகிறான். பிறகு கூட இருந்த உறவினர்களைக் கற்கள் பொறுக்கி வரச் சொல்ல, அவர்கள் கொண்டுவந்து குவிக்கிறார்கள். குவியலருகே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அடுத்து பெயர் வைக்கிறார்கள். அதன் பிறகு நிபந்தனை, நிபந்தனைக்குப் பின் ஆணை. லாபான் ஆபிரகாமின் தேவனையும் நாகோரின் தேவனையும் அழைக்கிறான். யாக்கோபு தன் தகப்பன் ஈசாக்கு பயபக்தியோடு தொழுதவரைக்கொண்டு ஆணையிடுகிறான். கடைசியாகப் பலி, மறுபடி சாப்பாடு, இரவு அங்கேயே தங்கல். விடிந்ததும் லாபான் பேரப்பிள்ளைகளை முத்தமிட்டுவிட்டு ஊர் திரும்புகிறான்.

நிபந்தனைகள் இரண்டு. முதலாவது வீட்டு விவகாரம்: என் மகள்களைத் துன்பப்படுத்தக் கூடாது, அவர்களுக்கு மேல் வேறு பெண் கட்டக் கூடாது. இரண்டாவது எல்லை விவகாரம்: கெட்ட எண்ணத்தோடு நான் இந்தக் குவியலைத் தாண்டி உன் பக்கம் வர மாட்டேன், நீ இந்தக் குவியலையும் தூணையும் தாண்டி என் பக்கம் வரக் கூடாது. இரண்டாவது நிபந்தனையில் கல் வெறும் சாட்சி மட்டுமல்ல, கோடும் அதுவே. முதலாவதில் நிலைமை வேறு. யாக்கோபு தன் கூடாரத்துக்குள் மனைவியை எப்படி நடத்துகிறான் என்பதை ஊரில் யார் பார்க்கப்போகிறார்கள்? லாபானே அதைச் சொல்கிறான்: நம்மோடு ஒருவரும் இல்லாத இடத்தில் தேவன் சாட்சி. மனிதச் சாட்சி எட்டாத இடத்துக்காகத்தான் கல்லும் தேவனும் அழைக்கப்படுகிறார்கள்.

பெயர் வைப்பதும் சாதாரணமாக நடக்கவில்லை. லாபான் அரமேயத்தில் ‘யெகர்சகதூதா’ என்கிறான், யாக்கோபு எபிரெயத்தில் ‘கலயெத்’ என்கிறான். இரண்டுக்கும் பொருள் ‘சாட்சிக் குவியல்’. ஐந்து ஆகமங்களிலும் அரமேயத்தில் வரும் சொற்கள் இவை மட்டுமே. சகதூதாவின் வேரும் அரபியில் ‘ஷஹாதா’வின் வேரும் ஒன்று. இரண்டு தரப்பும் தத்தம் மொழியில் ஒரே பெயரைச் சொன்னால்தான் ஒப்பந்தம் இருவரையும் கட்டும். கதையின் இந்தச் சின்னத் துணுக்கில் ஓர் இருமொழி ஒப்பந்தத்தின் சாயல் இருக்கிறது. கலயெத்திலிருந்து கீலேயாத் என்ற இடப்பெயர் காதில் ஒலிப்பதும் தற்செயல் அல்ல.

மூன்றாவது பெயர் மிஸ்பா, ‘காவல் பார்க்கும் இடம்’. நாம் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்கும்போது கர்த்தர் இருவருக்கும் நடுவில் நின்று கண்காணிக்கட்டும் என்ற வாக்கியம் இங்கேதான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காதலர்கள் இந்தச் சொல்லைப் பொறித்த நகைகளை மாற்றிக்கொண்டார்கள். இன்றும் பிரியாவிடைக் கூட்டங்களில் இது ஆசீர்வாதமாகச் சொல்லப்படுகிறது. இடத்தில் வைத்துப் படித்தால் இது ஆசீர்வாதமே இல்லை. ‘உன்னை நான் நம்பவில்லை, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்ற எச்சரிக்கை.

கவனித்துப் படிப்பவருக்கு ஓர் இடறலும் உண்டு. 45ஆம் வசனத்தில் கல்லை நிறுத்தியவன் யாக்கோபு. 51ஆம் வசனத்தில் லாபான் ‘நான் நிறுத்தின தூண்’ என்கிறான். தூண் ஒன்று, குவியல் ஒன்று; சாப்பாடு இரண்டு முறை; பெயர்கள் மூன்று. இரண்டு மரபுகள் சேர்த்துத் தைக்கப்பட்டதன் தையல் தெரிகிறது என்பது வேதாகம ஆய்வாளர்களின் வழக்கமான விளக்கம். அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் தூணும் குவியலும் சேர்ந்து நிற்பதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ஒற்றைக் கல்லை ஓர் இரவில் ஒருவன் சாய்த்துவிடலாம், குவியலை அப்படிக் கலைக்க முடியாது. குவியலில் அங்கிருந்த ஒவ்வொருவன் கையும் பட்டிருக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

சாட்சிக் கட்டம்

கல்லைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நமக்கு விசித்திரமாகப் படும். அந்தக் காலத்து ஒப்பந்தங்களோடு வைத்துப் பார்த்தால் அப்படிப் படாது. கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்கள் நூற்றுக்கணக்கான வரிகளோடு களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரு வார்ப்பு உண்டு: பேரரசரின் பெயரும் பட்டமும், இதுவரை அவர் செய்த உபகாரங்களின் வரலாறு, நிபந்தனைகள், பலகையைக் கோயிலில் வைப்பது பற்றியும் அவ்வப்போது வாசிப்பது பற்றியும் சொல்லும் பகுதி, சாட்சிகளின் பட்டியல், சாபமும் ஆசீர்வாதமும். எல்லா ஒப்பந்தத்திலும் எல்லாம் இருக்காது, வரிசையும் மாறும். ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954இல் இந்த வார்ப்பையும் சீனாய் உடன்படிக்கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உபாகமத்தின் சாபங்கள் கி.மு. 672இல் அசீரிய அரசன் எசரத்தோன் தன் வாரிசுக்காக வாங்கிய விசுவாசப் பிரமாணத்துக்கே இன்னும் நெருக்கம் என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த வாதம் ஓயவில்லை.

நமக்கு முக்கியம் சாட்சிப் பட்டியல். கி.மு. 1259 வாக்கில் எகிப்தின் இரண்டாம் ராம்செஸும் ஹிட்டைட் அரசன் மூன்றாம் ஹத்துசிலியும் செய்துகொண்ட ஒப்பந்தம் வெள்ளிப் பலகையில் எழுதப்பட்டது. ஹத்தி என்ற ஹிட்டைட் நாட்டின் ஆயிரம் தெய்வங்களும் எகிப்தின் ஆயிரம் தெய்வங்களும் அதற்குச் சாட்சி. ஹிட்டைட் பட்டியல்கள் தெய்வப் பெயர்களோடு நிற்பதில்லை. மலைகள், ஆறுகள், ஊற்றுகள், பெருங்கடல், வானம், பூமி, காற்று, மேகம் என்று நீளும்.

இஸ்ரவேலுக்கு இங்கேதான் சிக்கல். உடன்படிக்கையின் ஒரு தரப்பு கர்த்தர். அவருக்கு மேல் அழைக்க வேறு தெய்வமில்லை, இருப்பதாகச் சொன்னாலே முதல் கட்டளை உடைந்துவிடும். ஆனால் ஒப்பந்தத்தின் வார்ப்பு சாட்சி கேட்கிறது. அந்தக் காலியிடத்தை நிரப்ப வேதாகமம் யாரையெல்லாம் கூப்பிடுகிறது என்று பாருங்கள்: வானம், பூமி (உபாகமம் 30:19), ஒரு பாட்டு (31:19), ஒரு புத்தகம் (31:26), மக்களே தங்களுக்கு எதிராக (யோசுவா 24:22), பிறகு கல். சாட்சிக் கல்லுக்கு இஸ்ரவேல் மதத்தில் இவ்வளவு கனம் வந்ததற்கு இந்த வெற்றிடமே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்து நாட்டில் ஆயிரம் தெய்வங்கள் செய்த வேலையை இங்கே ஒரு பாறைத்துண்டு செய்ய வேண்டியிருந்தது.

கல்லிலேயே ஒப்பந்தத்தை எழுதி நிறுத்தும் வழக்கமும் சுற்றுப்புறத்தில் இருந்தது. சிரியாவில் அலெப்போவுக்குத் தென்கிழக்கே செஃபீரேயில் கிடைத்த மூன்று பசால்ட் கல்வெட்டுகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை, மொழி அரமேயம். அர்பாத் அரசன் மதியேல் செய்த ஒப்பந்தம் அதில் இருக்கிறது. இந்த மெழுகு நெருப்பில் எரிவதுபோல் மதியேல் எரியட்டும், இந்தக் கன்று துண்டாடப்படுவதுபோல் மதியேல் துண்டாடப்படட்டும் என்று வாசகம் போகிறது. எபிரெயத்தில் உடன்படிக்கை ‘செய்வதில்லை’, ‘வெட்டுகிறார்கள்’. ஆதியாகமம் 15இல் பிளந்த மிருகங்களுக்கு நடுவே அக்கினி கடந்துபோவதும், கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே நடந்தவர்களை எரேமியா 34 கண்டிப்பதும் இந்தப் பின்னணியில்தான். செஃபீரே கல்லில் இன்னொரு பயமும் எழுதியிருக்கிறது: இந்த எழுத்துகளை அழிப்பவன்மேல் சாபம். கல்லை உடைத்தால் ஒப்பந்தம் செத்துவிடும் என்று யாரோ கணக்குப் போடுவார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மதியேல் அசீரியாவின் ஐந்தாம் அசுர்நிராரியிடமும் ஆணையிட்டவன். கடைசியில் மூன்றாம் திக்லத் பிலேசர் முற்றுகையிட்டு கி.மு. 740இல் அர்பாத்தைப் பிடித்தான்.

சாட்சியா, தரப்பா?

யாத்திராகமம் 24 வேறு மாதிரி. மலையடியில் மோசே ஒரு பலிபீடம் கட்டி, 12 கோத்திரங்களுக்காக 12 மட்சேபாக்களை நிறுத்துகிறான். காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பாத்திரங்களில் வார்த்து வைக்கிறான், மறுபாதியைப் பலிபீடத்தில் தெளிக்கிறான். உடன்படிக்கைப் புத்தகத்தை வாசிக்கிறான். ஜனங்கள் ‘செய்வோம்’ என்றதும் பாத்திரத்து இரத்தம் அவர்கள்மேல் தெளிக்கப்படுகிறது. பிறகு மூப்பர்கள் மேலே ஏறிச் சாப்பிட்டுக் குடிக்கிறார்கள். இரத்தத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதில் விஷயம் இருக்கிறது: பலிபீடம் கர்த்தரின் பக்கம், ஜனம் இன்னொரு பக்கம். 12 கற்கள் கோத்திரக் கணக்கில் நிற்பதால் அவை சாட்சியைவிட ஒரு தரப்பின் ஆளாகவே நிற்கின்றன. மந்தையை மேய்த்துக்கொண்டு கோத்திரங்கள் போன பிறகும் பலிபீடத்தின் எதிரே அவர்கள் ‘நிற்பார்கள்’.

யோசுவா 24இல் கல் மறுபடி சாட்சி, அதுவும் மிகக் கூர்மையாக. சீகேமில் கோத்திரங்களைக் கூட்டி, ஆபிரகாம் தொடங்கி வரலாறு சொல்லி, யாரைச் சேவிப்பீர்கள் என்று கேட்டு, வார்த்தைகளைப் புத்தகத்தில் எழுதிய பிறகு, யோசுவா ஒரு பெரிய கல்லை எடுத்துக் கர்த்தரின் பரிசுத்த ஸ்தலத்தருகே இருந்த கர்வாலி மரத்தின் கீழ் நாட்டுகிறான். காரணமும் சொல்கிறான்: கர்த்தர் நம்மோடு பேசின வார்த்தைகளையெல்லாம் இந்தக் கல் கேட்டது. ‘கேட்டது’ என்ற சொல்லைக் கவிதை என்று தள்ளிவிட வேண்டாம். சாட்சி என்பவன் சம்பவ இடத்தில் இருந்து கேட்டவன். கல்லை நட்ட இடமும் நேரமும் அந்தத் தகுதியை அதற்குக் கொடுக்கின்றன. வேறு ஊரில் செய்து கொண்டுவந்து வைத்த கல்லுக்கு அந்தத் தகுதி வராது.

சீகேம் இன்றைய நாப்லூஸ் அருகே உள்ள டெல் பலாட்டா. ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் செலின் அங்கே 1913இல் தோண்டத் தொடங்கினார். 1956 முதல் எர்னஸ்ட் ரைட் தலைமையில் அமெரிக்கக் குழு தொடர்ந்தது. சுமார் 5 மீட்டர் கனச் சுவரோடு ஒரு கோட்டைக் கோயில் வெளிப்பட்டது. அதன் முற்றத்தில் மேல்பாகம் உடைந்த, கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட தட்டையான ஒரு வெள்ளைக் கல். நியாயாதிபதிகள் 9இல் வரும் ‘ஏல் பேரீத்’ கோயில் இதுதான் என்று ரைட் கருதினார். ஏல் என்றால் தெய்வம்; ஏல் பேரீத் என்றால் உடன்படிக்கையின் தெய்வம். அந்த ஊரின் தெய்வத்துக்கே உடன்படிக்கைதான் அடைமொழி. யோசுவாவின் கல்லும் இதுவே என்றும் சொல்லப்படுகிறது. கோயில் கட்டப்பட்டது யோசுவா கதையின் காலத்துக்கு வெகு முன்னால், கானானியர் கையால். இந்தக் கல்லில் எழுத்தும் இல்லை. பொருத்தம் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக உறுதி என்று சொல்லக் கூடாது.

பலியிடாத பலிபீடம்

யோசுவா 22 ஒரு தவறான புரிதலின் கதை. ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரம் ஆகியோர் யோர்தானுக்குக் கிழக்கே திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் பார்வைக்குப் பெரிய ஒரு பலிபீடம் கட்டுகிறார்கள். செய்தி கேட்ட மேற்குக் கோத்திரங்கள் யுத்தத்துக்குச் சீலோவில் கூடிவிடுகின்றன. பலியிடும் இடம் ஒன்றுதான் இருக்க வேண்டும், இது துரோகம் என்று. முதலில் ஆசாரியன் பினெகாஸையும் 10 தலைவர்களையும் அனுப்புகிறார்கள். கட்டியவர்கள் சொன்ன பதில்: இது தகனபலிக்கும் அல்ல, வேறு பலிக்கும் அல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, ‘நடுவில் யோர்தான் எல்லை இருக்கிறது, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. அப்போது காட்ட ஒரு மாதிரி வேண்டும்.

ஒரு பொருள் வழிபாட்டுக்கா, சாட்சிக்கா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டால்தான் தெரியும். இந்தப் பலவீனம்தான் பின்னால் மட்சேபாவையே கவிழ்த்தது. தமிழில் அந்தப் பலிபீடத்துக்கு ‘ஏத்’ என்று பெயர் வருகிறது, பொருள் ‘சாட்சி’. வழக்கமான எபிரெயப் பாடத்தில் அந்த இடத்தில் பெயர் விட்டுப்போயிருக்கிறது, பின்னால் வரும் விளக்கத்திலிருந்துதான் எடுத்து நிரப்புகிறார்கள். சாட்சிக்கென்றே கட்டியதன் பெயரைப் பிரதி தொலைத்துவிட்டது.

சுண்ணாம்பில் எழுதிய சட்டம்

உபாகமம் 27 சொல்லும் முறை மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறது. பெரிய கற்களை நாட்டி, சுண்ணாம்பு பூசி, அந்தப் பூச்சின்மேல் நியாயப்பிரமாணத்தின் வார்த்தைகள் எல்லாவற்றையும் மிகத் தெளிவாக எழுத வேண்டும். பக்கத்தில் இரும்பு ஆயுதம் படாத முழுக் கற்களால் ஒரு பலிபீடம். படங்களில் உளி கொண்டு செதுக்குவதாக வரைகிறார்கள். வசனம் சொல்வது மையெழுத்தை.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் விடாமல் எரித்து, வந்த கட்டியைத் தண்ணீரில் நீற்றி, குழைத்துப் பூச வேண்டும். சூடு குறைந்தால் நடுவில் வேகாத கல் நிற்கும். சரியாக நீறாத துகள் பூச்சுக்குள் பிற்பாடு ஊதி, மேல்தோல் பெயர்ந்து விழும். நன்றாகக் காய்ந்த வெள்ளைப் பரப்பில் கரிமையும் காவியும் பளிச்சென்று தெரியும். சொரசொரப்பான பாறையில் வெட்டுவதைவிடப் பல மடங்கு வேகமாக எழுதலாம். நீண்ட பாடத்துக்கு இது ஒன்றே நடைமுறை வழி. கற்பனை முறையும் அல்ல. யோர்தான் பள்ளத்தாக்கின் கிழக்கே டெய்ர் அல்லாவில் 1967இல் ஹென்க் ஃபிராங்கன் குழு கண்டெடுத்த, கி.மு. 800 வாக்கிலான எழுத்து இதே முறையில், சுவர்ப் பூச்சின்மேல் கறுப்பிலும் சிவப்பிலும் எழுதப்பட்டிருந்தது. அதில் வரும் பெயர் பேயோரின் குமாரன் பிலேயாம். எண்ணாகமத்தில் வரும் அதே பிலேயாம். ஆனால் கட்டடம் இடிந்தபோது பூச்சு தூள் தூளாக உதிர்ந்திருந்தது. துண்டுகளை ஒட்டிப் பார்த்தும் பல வரிகள் இன்னும் கூடவில்லை. அது கூரைக்குக் கீழே இருந்த சுவர். மலையுச்சியில் மழையும் பனியும் படும் கல்லில் பூசினால் எத்தனை வருஷம் தாங்கும் என்று சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைக் கேட்டாலே போதும். அப்படியொரு சின்னம் நிலைக்க வேண்டுமானால் மறுபடி மறுபடி பூசி எழுத வேண்டும். 7 வருஷத்துக்கு ஒருமுறை கூடாரப் பண்டிகையில் எல்லோர் முன்பும் வாசிக்கச் சொல்லும் கட்டளை உபாகமம் 31இல் இருப்பதை இதோடு சேர்த்துப் படித்தால், எழுத்தைவிட வாசிப்பையே அந்தப் புத்தகம் நம்பியது என்று தோன்றும்.

இடம் எது என்பதிலும் வழக்கு இருக்கிறது. எபிரெயப் பாடத்தில் ஏபால் மலை. சமாரியர் வைத்திருக்கும் ஐந்தாகமத்தில் கெரிசீம் மலை. நடுவில் சீகேம் பள்ளத்தாக்கு. ஏபால் 940 மீட்டர், கெரிசீம் 881 மீட்டர். 1980களில் ஆதாம் செர்த்தால் ஏபாலில் சுமார் 9க்கு 7 மீட்டரில், செதுக்காத கற்களாலான ஒரு கட்டுமானத்தைத் தோண்டினார். உள்ளே சாம்பலும் ஆடு, மாடு, மான் எலும்புகளும். யோசுவாவின் பலிபீடம் என்றார் அவர். காவல் கோபுரம் என்றவர்களும் உண்டு. அங்கே கொட்டிய மண்ணைச் சலித்து 2019இல் எடுத்த மடித்த ஈயத் தகட்டில் எபிரெயச் சாபம் இருப்பதாக ஒரு குழு அறிவித்தது இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. எழுத்தே தெரியவில்லை என்று கல்வெட்டறிஞர்கள் பலர் மறுத்திருப்பதையும் சேர்த்துப் பகிர்வது நல்லது.

எழுதாத கல்லின் கதி

கில்காலில் யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்கள் எழுத்தில்லாதவை. ‘இந்தக் கற்கள் ஏது?’ என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசுவா 4 பாடம் கொடுக்கிறது. கேள்வி கேட்கும் பிள்ளையும் பதில் தெரிந்த தகப்பனும் இல்லாவிட்டால் அது 12 கல், அவ்வளவுதான். எபெனேசர் என்று நம்மிடையே எத்தனையோ பேருக்குப் பெயர். அதுவும் ஒரு கல்லின் பெயர், ‘உதவிக் கல்’. சாமுவேல் பெலிஸ்தரை வென்றபின் நாட்டியது. அது வெற்றிக் கல்; ஆணையும் நிபந்தனையும் அதற்கு இல்லை.

இதுவரை வந்த இடங்களை எபிரெயத்தில் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆதியாகமம் 31இலும் யாத்திராகமம் 24இலும் சொல் மட்சேபா. உபாகமம் 27, யோசுவா 4, யோசுவா 24, முதலாம் சாமுவேல் 7 எல்லாவற்றிலும் வெறும் ‘கல்’. செய்யும் வேலை அதே வேலை, சொல் மட்டும் இல்லை. யாத்திராகமம் 24இலேகூடக் கிரேக்க மொழிபெயர்ப்பும் சமாரியர் பாடமும் ‘மட்சேபா’வை எடுத்துவிட்டுக் ‘கற்கள்’ என்று போட்டுக்கொண்டன. மோசே மட்சேபா நட்டான் என்று சொல்லப் பிற்காலத்தவர்களுக்கு வாய் வரவில்லை.

நடுவில் நடந்தது எண்ணெய். சாட்சியாக நிற்கும் கல்லுக்கு ஒருவர் எண்ணெய் வார்க்கலாம், யாக்கோபே வார்த்தான். அடுத்து முன்னால் காணிக்கை வைப்பார்கள். கேட்கும் கல் என்றால் வேண்டுதலையும் கேட்கும் அல்லவா? கானானியரின் பாகால் கோயிலில் நின்றதும் பார்வைக்கு இதே கல். கி.மு. 8ஆம் நூற்றாண்டு ஓசியாவிடமே இரண்டு குரல் இருக்கிறது: 3:4இல் ராஜா, பலி, மட்சேபா எல்லாம் இல்லாமற்போவதைத் தண்டனையாகச் சொல்கிறான்; 10:1இல் செழிப்பு கூடக் கூட மட்சேபாக்களைச் சிறப்பாகச் செய்தார்கள் என்று கடிந்துகொள்கிறான். எசேக்கியா அவற்றைத் தகர்த்ததாக இரண்டாம் இராஜாக்கள் 18:4 சொல்கிறது, யோசியாவும் தகர்த்ததாக 23:14. உபாகமம் கர்த்தருக்கென்று நட்டாலும் கூடாது என்கிறது. சாட்சி வேலை உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்தில் வைத்த புத்தகத்துக்குப் போனது. எகிப்தின் எல்லையில் கர்த்தருக்கு ஒரு மட்சேபா நிற்கும், அது அடையாளமும் சாட்சியுமாயிருக்கும் என்ற ஏசாயா 19இன் வாக்கு மட்டும் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தோண்டும்போது நட்ட கல்லை அடையாளம் காண்பதிலும் ஏமாற்றம் நிறைய. இரும்புக்கால வீடுகளில் கூரை தாங்கிய ஒற்றைக் கல் தூண்கள் சுவர் போனபின் வரிசையாக நிற்கும். தொடக்ககால ஆய்வாளர்கள் அவற்றைப் பார்த்துப் பரவசப்பட்டிருக்கிறார்கள். பாரம் தாங்கவில்லை, முன்னால் காணிக்கைப் பலகையோ தொட்டியோ இருக்கிறது, சுற்றிலும் வழிபாட்டுப் பாத்திரங்கள் கிடக்கின்றன என்றால்தான் பேச முடியும். கேசேரில் 1902இல் மக்கலிஸ்டர் கண்ட 10 கற்கள், சில 3 மீட்டர் உயரம், இந்தச் சோதனையில் தேறுகின்றன. முன்னால் சதுரமான கல் தொட்டி ஒன்றும் உண்டு. கி.மு. 1600 வாக்கில் கானானியர் நட்டவை. பத்து ஊர்களோ பத்துக் குலங்களோ செய்த ஒப்பந்தமாக இருக்கலாம் என்று சிலர் சொல்வதற்குக் காரணம் அந்த எண்ணிக்கை.

யூதாவின் தெற்கே ஆராத் கோட்டையில் யோகனான் அகரோனி 1960களில் தோண்டியது கர்த்தருக்கான கோயில். உள்ளறையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், தலை வளைவாக வழித்த, சிவப்புப் பூச்சின் தடம் உள்ள ஒரு கல். வாசல் படியருகே இரண்டு தூபபீடங்கள். 2020இல் வெளியான ஆய்வு பெரியதன் மேல் சாம்பிராணியும் சிறியதன் மேல் கஞ்சாவும் எரிந்த மிச்சத்தைக் கண்டது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கோயில் மூடப்பட்டது, எசேக்கியாவின் காலத்தை ஒட்டி. தகர்த்த தடயம் அங்கே இல்லை. தூபபீடங்களைப் பக்கவாட்டில் சாய்த்து, மட்சேபாவையும் படுக்கவைத்து, மேலே மண்ணை நிரப்பி மூடியிருந்தார்கள்.